பச்சை எழுத்தில் வந்த விடுமுறை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, ஊரக மின்மடல் வாரியத்தின் புதுக்கோட்டை மாவட்டக் கிளைகள் பதின்மூன்றிலும் ஒரே நொடியில் ஒரே மடல் வந்து விழுந்தது.

"இன்று உள்ளூர் விடுமுறை. உடனே அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் செல்லவும்."

கீழே இணை இயக்குநர் கோபிநாத்தின் பெயர். எழுத்து முழுக்கப் பச்சை.

என்ன திருவிழா, எந்தக் கோயில், எதற்காக விடுமுறை என்று ஒரு வரி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அளவுக்குப் பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பத்து ஐம்பதுக்கெல்லாம் பதின்மூன்று பூட்டுகளும் தொங்கின. ஓர் உத்தரவு பத்தே நிமிடத்தில் முழுசாக நிறைவேறியது வாரியத்தின் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

அரிமளம் கிளையைப் பூட்டியவள் சத்யா. அந்தக் கிளையின் ஒரே ஊழியர். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், வயது இருபத்தொன்பது, தற்காலிகக் கணினி இயக்குபவர். ஐந்து வருடமாகத் தற்காலிகம். பதினொரு மாதம் வேலை, ஒரு நாள் முறிவு, மறுபடி பதினொரு மாதம். 'தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரம் ஆக்குங்கள்' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள். இந்தத் தடவை ஒப்பந்தம் முடிவது முப்பதாம் தேதி. அன்றைக்குப் பதினைந்து.

வாரியத்தின் வேலை சுலபமானது. தண்ணீர் வரவில்லை, ரோடு சரியில்லை என்று மக்கள் மெயில் அனுப்புவார்கள். அதை வாரியத்துக்கென்றே செய்த 'செந்தூது' என்ற மென்பொருளில் திறந்து, பிரிண்ட் எடுத்து, பதிவேட்டில் எழுதி, எண் போட்டு, திருக்கோகர்ணத்தில் இருக்கும் மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். தலைமையகம் அதை என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் மெயிலில் கேட்கலாம்.

அன்று காலை பத்தரைக்கு அவள் அனுப்பி வைத்தது ஒரே ஒரு மடல். அரசமரத் தெருவில் விளக்கு எரியவில்லை. அனுப்பியவர் தன் பெயரைப் போடாமல் 'தெருவிளக்கு' என்றே போட்டிருந்தார். அதே ஆள், அதே விளக்கு, பன்னிரண்டாவது தடவை.

மறுநாள் அலுவலகம் திறந்தால் மெமோ காத்திருந்தது.

"தங்களால் அனுப்பப்பட்ட மடலை இணை இயக்குநர் அவர்கள் திறந்த மறுநொடியே, அன்னார் அறியாத வகையில் அன்னார் பெயரிலேயே மாவட்டம் முழுமைக்கும் விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ளது. இதற்காகத் தங்களை ஏன் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை நேரில் சமர்ப்பிக்கவும்."

மெமோவும் பச்சையில்தான் இருந்தது.

வியாழக்கிழமை சத்யா பஸ் ஏறினாள்.

தலைமையகம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். வாடகைக்கு எடுத்தபோது எதையும் இடிக்கக் கூடாது என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். அதனால் தபால் பிரிவு பந்தி நடக்கிற இடத்தில் இருந்தது. இணை இயக்குநர் மணமேடையில் உட்கார்ந்திருந்தார். தலைக்குப் பின்னால் இரண்டு சிமென்ட் மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவரைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து படி ஏற வேண்டும்.

சத்யாவை மேடைக்குக் கீழேயே மடக்கினார் கண்காணிப்பாளர் நாகராசு. பிரம்பு பிய்ந்துபோன நாற்காலியில் இரண்டு மூன்று கோப்புகளைப் பரப்பி அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா சத்யா. ஒன்னோட பைல் மேலதான் உட்கார்ந்திருக்கேன்."

"சார், நான் லீவெல்லாம் விடல சார். தெருவிளக்கு எரியலன்னு ஒரு மெயில் வந்துச்சு. அதை அனுப்பினேன். அம்புட்டுதான்."

"தெரியும். அய்யாவும் லீவு விடல."

"அப்ப அந்த லீவு மெயில் பொய்தானே சார்?"

நாகராசு பதறிப்போய் மேடையைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. பொய்யா? பச்சையில வந்திருக்கும்மா அது!"

"அய்யா அனுப்பலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அனுப்பல. ஆனா பொய்யும் இல்ல. பச்சை எப்படிப் பொய்யாகும்? இந்த ரெண்டுக்கும் நடுவுல யாரோ ஒரு ஆளு தப்பு பண்ணியிருக்கணும்ல? இங்க எல்லாரும் பெர்மனென்ட். நீதான் தோதா இருக்க."

"சார்..."

"அழுதுடாதம்மா. மணமகள் அறைக்குப் போ. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் இருக்கான். அவன்கிட்டக் கேட்டு ஏதாவது ரெண்டு பக்கம் விளக்கம் எழுதிக் குடு. ரெண்டு பக்கத்துக்குக் கொறஞ்சா அய்யா படிக்க மாட்டாரு. கூடினாலும் படிக்க மாட்டாரு."

மண்டபத்தில் ஏ.சி. இருந்த ஒரே இடம் மணமகள் அறை. அதனால் செந்தூதின் சர்வர் அங்கே குடியிருந்தது. சுற்றிலும் பல்பு வைத்த அலங்காரக் கண்ணாடிக்கு முன்னால், முகூர்த்தத்துக்குத் தயாராகிறவன் போல உட்கார்ந்திருந்தான் அரவிந்த்குமார். மென்பொருளைப் பராமரிக்கிற ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய பொறியாளர்.

சத்யா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"அக்கா, நீங்க ஒண்ணும் பண்ணல. அந்த மடலுக்குள்ள எழுத்தோட எழுத்தா ஒரு கட்டளையை ஒளிச்சு வச்சிருந்தாங்க. நல்ல மென்பொருளா இருந்தா அதையும் வெறும் எழுத்தா நெனச்சுக் காட்டிட்டு விட்டுடும். நம்ம செந்தூது அதை நெசக் கட்டளைன்னு நம்பி நிறைவேத்திடும். எப்படின்னா, ஒரு மனு வருது. பிரிக்கிறீங்க. மனுவே எந்திரிச்சு ஒங்க மேசையில இருக்கிற ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஒங்க பேர்ல நாலு உத்தரவு போட்டுட்டு மறுபடி மடங்கிப் படுத்துக்கிட்டா எப்படி இருக்கும்? அதான்."

"நானும்தானே அதைத் திறந்தேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒங்க மேசையில ஸ்டாம்பு இல்லையேக்கா. எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புற அதிகாரம் அய்யாவுக்கு மட்டும்தான். மடல் அவரு திறக்கிற வரைக்கும் சும்மா இருந்துச்சு."

சத்யாவுக்கு அந்த மடலின் மேல் லேசாக மரியாதை வந்தது. வாரியத்தில் யாரிடம் போனால் காரியம் நடக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

"இதைத் தடுக்க முடியாதா?"

"வடிகட்டி ஒண்ணு இருந்துச்சுக்கா. உள்ள வர்ற மடல்ல எழுத்தைத் தவிர மத்தது எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுடும். கட்டளை, படம், கலர் எல்லாம் போயிடும்." அரவிந்த்குமார் குரலைத் தாழ்த்தினான். "மூணு வருசத்துக்கு முன்னாடி அய்யா புதுசா வந்தாரு. பச்சையில மெயில் அடிச்சாரு. போய்ச் சேந்த எடத்துல கறுப்பாத் தெரிஞ்சுது. 'எனக்கும் கிளார்க்குக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?'ன்னு ஒரே சத்தம். அன்னைக்குச் சாயங்காலமே வடிகட்டியை நிறுத்தச் சொல்லிட்டாரு."

"கலரை மட்டும் விட்டுட்டு மத்ததை வடிகட்ட முடியாதா?"

"முடியும். அரை நாள் வேலை. அதுக்கு எந்தப் பச்சையை விடணும்னு எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையான்னு முடிவு பண்ண ஒரு குழு போட்டாங்க. ரெண்டு வருசமா உட்காந்திருக்கு."

சத்யா அன்றே இரண்டு பக்கம் எழுதினாள். வெள்ளிக்கிழமை நேரில் செய்து காட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

மேடையில் மயில்களுக்குக் கீழே கோபிநாத், பக்கத்தில் நாகராசு, எதிரே கைகட்டி சத்யா. அரவிந்த்குமார் தன் அறையிலிருந்து ஒரு சோதனை மடல் அனுப்பினான். தீங்கில்லாத மடல். கோபிநாத் அதைத் திறந்தார். திரையின் நடுவே ஒரு பெட்டி குதித்தது.

'வணக்கம். இந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவில்லை. மடலே திறந்துகொண்டது.' கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சரி'.

"பாருங்கய்யா," என்றாள் சத்யா. "இப்படித்தான் அன்னைக்கும் நடந்திருக்கு. 'சரி'யைத் தொட்டீங்கன்னா போயிடும்."

கோபிநாத் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"எதற்குச் சரி?"

"சும்மா, பெட்டியை மூடறதுக்குங்கய்யா."

"அம்மா, இருபத்தேழு வருட சர்வீஸ். குறிப்பு இல்லாமல், முன்மொழிவு இல்லாமல், கீழே ஒரு குட்டிக் கையெழுத்துகூட இல்லாமல் நான் எதற்கும் 'சரி' சொன்னதில்லை. இந்தப் பெட்டி எந்தப் பிரிவிலிருந்து வருகிறது? கோப்பு எண் என்ன? நாகராசு, இதைக் குறிப்பாக வையுங்கள்."

நாகராசு திரையைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, குறிப்பு எழுதினார். 'பெட்டியில் சரி என்ற ஒரு வாய்ப்பு மட்டுமே தரப்பட்டுள்ளது. ஒப்புதல் இல்லை, ஆய்வில் உள்ளது, பேசவும் ஆகிய வாய்ப்புகள் தரப்படவில்லை. தக்க ஆணை வேண்டப்படுகிறது.' அது சட்டப் பிரிவுக்குப் போனது. சட்டப் பிரிவு, 'வணக்கம்' என்று தொடங்குவதால் இது மனுவாகவும் கருதப்படலாம் என்று எழுதித் திருப்பியது.

பெட்டி திங்கட்கிழமையும் திரையில் நின்றது. அதன் பின்னால் எதுவும் தெரியாததால் கோபிநாத் எந்த மடலையும் படிக்கவில்லை. சத்யாவின் விளக்கத்தையும் படிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் திருக்கோகர்ணத்தில் கரண்ட் போனது. வந்தபோது பெட்டியைக் காணோம். 'பிரச்சினை தானாகவே தீர்ந்தது' என்று கோப்பு மூடப்பட்டது.

கோபிநாத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தீர்ந்துபோன பிரச்சினைக்கு ஒரு விழா எடுக்காமல் இருப்பாரா? இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, 'மடல் பாதுகாப்பு விழிப்புணர்வு நாள்'. பதின்மூன்று கிளை ஊழியர்களும் மண்டபத்துக்கு வந்தார்கள். வாசலில் சந்தனம், கல்கண்டு. சர்வருக்கு மாலை போட்டு, நான்கு மூலைக்கும் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். எல்லாரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்.

"எனக்கு வரும் மடலை, அதில் என்ன இருக்கிறது என்று முழுமையாக அறிந்துகொண்ட பிறகே திறப்பேன் என உளமார உறுதி கூறுகிறேன்."

"திறக்காம எப்படிய்யா அறிஞ்சுக்கிறது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

கோபிநாத் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! நம் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், ஓட்டைக்கு அனுமதி கொடுத்தது யார்? நான் கொடுக்கவில்லை. நான் அனுமதி கொடுக்காத ஒன்று இந்த மாவட்டத்தில் எப்படி இருக்க முடியும்? ஒரு மடலைத் திறந்தால் அது அதிகாரிக்குக் கட்டுப்பட வேண்டுமா, அதிகாரி அதற்குக் கட்டுப்பட வேண்டுமா? மூன்று வருடமாக ஒரு நாளைக்கு எண்பது மடல் திறக்கிறேன். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. எனக்கு ஏதாவது ஆனதா?"

கைதட்டல்.

"அந்த விஷமத்தனமான மடல் எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அதையே மாதிரியாக உங்கள் அனைவருக்கும் அனுப்பியிருக்கிறோம். இப்போது நானே உங்கள் கண் முன்னால் திறந்து காட்டுகிறேன்!"

சத்யா எழுந்து, "அய்யா, வேணாங்கய்யா!" என்றாள். அரவிந்த்குமார் மணமகள் அறையிலிருந்து ஓடி வந்தான். ஐந்து படியில் மூன்றாவது படியில் கால் தடுக்கிற்று.

பெரிய திரையில் தெருவிளக்கு மடல் விரிந்தது. மண்டபம் முழுக்க நூற்றுச் சொச்சம் செல்போன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

இன்று உள்ளூர் விடுமுறை. பச்சையில்.

நாற்காலிகள் நகர்ந்தன. 'மடலைத் திற, மனதைத் திறக்காதே' என்று எழுதிய தட்டியைத் தூண் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கிளை முழுசும் வெளியேறியது. ஊர்வலத்துக்குச் சொல்லி வைத்திருந்த மேளக்காரர்கள், "அப்ப நாங்களும் கெளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கோபிநாத் மைக்கில், "இது நான் அனுப்பவில்லை! இது நான் அனுப்பவில்லை!" என்றார்.

"பச்சையில இருக்கே அய்யா," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நாகராசுவும் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை சத்யாவுக்கு இரண்டாவது மெமோ வந்தது. மாதிரியாகக் காட்டப்பட்டதும் அவள் அனுப்பிய மடல்தானே? ஆக, குற்றம் இரண்டு.

இருபத்தொன்பதாம் தேதி அவள் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று திருக்கோகர்ணம் வந்தாள். நாகராசு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டைப் அடிச்சாச்சும்மா. 'ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தேவையில்லை.' நாளைக்குச் சாயங்காலம் அய்யா சைன் பண்ணுவாரு. நான் என்ன பண்ணட்டும்? ஓட்டை இருந்துச்சுன்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி, எங்கிட்டாவது பைல்ல இருந்தா ஒன்னைய விட்டுடலாம். இல்லையே."

"அரவிந்த் மூணு ரிப்போர்ட் குடுத்திருக்காரே சார்?"

"அதெல்லாம் வெளியாளு பேப்பர். அய்யா கைப்பட வரணும்."

ஐந்து வருடம். அரிமளத்தில் கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இருந்த ஒரே நாற்காலி. பந்திப் பகுதியில் காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஆத்தா, கொஞ்சம் ஒரு லீவு லெட்டர் அடிச்சுத் தாறியா?"

அலுவலக உதவியாளர் மூக்கன். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். காக்கிச் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. அதை எப்போதும் போடமாட்டார்.

"என்னண்ணே விசேசம்?"

"பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. ரெண்டு நாள் வேணும். முந்தியெல்லாம் வாயால சொன்னாப் போதும். இப்ப மெயில்ல கேட்டாத்தான் லீவாம். எனக்கும் ஒரு மெயில் நம்பர் குடுத்திருக்காக. அது எதுக்குன்னே தெரியல."

அவருடைய கணக்கைத் திறந்து சத்யா அடித்தாள். இணை இயக்குநர் அவர்களுக்கு, பேரனின் காதணி விழாவை முன்னிட்டு இரண்டு நாள் விடுப்பு. மூக்கன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அது என்னாத்தா, மேல சின்னச் சின்னதாக் கலர் கட்டம்?"

"எழுத்துக்குக் கலர் குடுக்கிறதுண்ணே."

"எனக்குப் பச்சை போட்டுக் குடேன்."

சத்யா திரும்பிப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை.

"முப்பத்தாறு வருசமா எத்தனை அய்யாமாருக்கு அந்தப் பச்சை மையை ஊத்திக் குடுத்திருக்கேன்! கையில பட்டா மூணு நாளைக்குப் போகாது. கை பச்சையா இருக்குன்னு எம் பொண்டாட்டி சோறு போட மாட்டா. என் லெட்டரு ஒண்ணாவது பச்சையில போகட்டுமே. என்ன, வெடிச்சிருமா?"

சத்யாவின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது.

வெடிக்குமா?

மூன்று வருடமாக வடிகட்டி இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த நிறத்திலும் எழுதலாம். பதின்மூன்று கிளையில் ஒருவருக்குக்கூட அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கோயில் கருவறைக்குள் நுழையத் தோன்றாதது போல.

"அண்ணே, அய்யா ஏதாவது சொன்னா?"

"எட்டு மாசம்தானே இருக்கு. என்னைய எங்க மாத்துவாக? வேணும்னா மேடைக்கு மாத்தட்டும்."

சத்யா பச்சைக் கட்டத்தை அழுத்தினாள். இலைப்பச்சை. பிறகு அனுப்பினாள்.

அடுத்து நடந்தது எல்லாவற்றுக்கும் சுவர்க் கடிகாரம் சாட்சி.

பதினொன்று இரண்டு: இணை இயக்குநருக்கு வரும் மடல்களை முதலில் பார்க்கிற நாகராசு, திரையில் பச்சையைக் கண்டதும் எழுந்து நின்றார். யார் யாரிடம் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை, பச்சை வந்தால் நிறைவேற்றுவதுதான் வழக்கம். 'திரு. மூக்கன் அவர்களின் உத்தரவுப்படி, அலுவலக உதவியாளர் மூக்கனுக்கு இரண்டு நாள் விடுப்பு வழங்கப்படுகிறது' என்று எல்லாக் கிளைகளுக்கும், அய்யாவுக்கும், ஒவ்வொன்றாக நகல் போட்டார்.

பதினொன்று ஆறு: கோபிநாத் அந்த நகலைப் படித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மடலை முழுசாகப் படித்தார். பிறகு மூல மடலைத் திறந்தார். சிமென்ட் மயில்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது.

"யார் இது? பச்சையில்... மூக்கன்... பச்சையில்! அரவிந்த்குமார்!"

அரவிந்த்குமார் இந்தத் தடவை படிகளைப் பார்த்து ஏறினான்.

"கண்டவனெல்லாம் பச்சையில் எழுதலாமா?"

"எழுதலாம் சார். மூணு வருசமா எழுதலாம். யாரும் எழுதல, அவ்வளவுதான்."

"நாளைக்கு எல்லாக் கிளார்க்கும் எழுதுவான். வாட்ச்மேன் எழுதுவான். அப்புறம் நான் எதில் எழுதுவது? இது எப்பேர்ப்பட்ட ஆபத்து தெரியுமா? இது... இது... பாதுகாப்புக் குறைபாடு!"

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க அரவிந்த்குமார் மூன்று வருடம் காத்திருந்தவன்.

"அதேதான் சார். வடிகட்டியைப் போட்டா நின்னுடும். ஆனா ஒங்க எழுத்தும் கறுப்பாயிடும்."

கோபிநாத் கண்ணை மூடினார். தான் கறுப்பாவது ஒரு பக்கம். மூக்கன் பச்சையாவது மறுபக்கம்.

"போடு!"

"டெண்டர் சார்? குறிப்பு? குழு?"

"போடுய்யா!"

பதினொன்று பத்தொன்பது: வடிகட்டி ஓடத் தொடங்கியது. மூன்று வருடமாக நகராத வேலை பதின்மூன்று நிமிடத்தில் முடிந்தது. மாவட்டம் முழுக்கத் திரைகளில் இருந்த பச்சை எல்லாம் கறுப்பானது. தெருவிளக்கு மடலும் வெறும் நாலு வரி எழுத்தாகச் சுருண்டது. தெருவில் விளக்கு எரியவில்லை என்பதைத் தவிர அதற்குள் இப்போது வேறு ஒன்றுமில்லை.

மத்தியானம் கோபிநாத் தலைமை இயக்குநருக்கு அறிக்கை சொல்லச் சொல்ல நாகராசு எழுதினார். "வாரிய மென்பொருளில் மூன்று ஆண்டுகளாக இருந்துவந்த மிகக் கடுமையான பாதுகாப்புக் குறைபாட்டை இணை இயக்குநராகிய நானே நேரில் கண்டுபிடித்து, பதின்மூன்றே நிமிடங்களில்..."

நாகராசு பேனாவை நிறுத்தினார். "அய்யா, ஒண்ணு சொல்லலாங்களா? கொறபாடு இருந்துச்சுன்னு நீங்களே எழுதிட்டா, அந்தப் பொண்ணு சத்யா மேல போட்ட மெமோ ரெண்டும் நிக்காதுங்களே. லீவு விட்டது கொறபாடுன்னு ஆயிடும்."

கோபிநாத் யோசித்தார். தண்டிக்க ஓர் ஆள் ஒரு பக்கம், கண்டுபிடித்த பெருமை மறுபக்கம். நிறைய நேரம் யோசிக்கவில்லை.

"மெமோவைக் கிழித்துவிடுங்கள். கண்டுபிடிப்பை விட முடியாது."

முப்பதாம் தேதி மாலை நாலரைக்கு சத்யாவின் ஒப்பந்த நீட்டிப்பு ஆணை அரிமளத்துக்கு வந்தது. மெயிலில் பச்சை வராது என்பதால், கோபிநாத் தாளிலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தார். வாரியத்தின் ஸ்கேனர் கறுப்பு வெள்ளை. கலர் ஸ்கேனர் வாங்க ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. சத்யா அந்தக் கறுப்புக் கையெழுத்தை மூன்று தடவை படித்தாள். பதினொரு மாதம். இரண்டாம் தேதி முதல்.

ஒன்றாம் தேதி பணி முறிவு நாள். அன்று ஒரு நாள் மட்டும் அவள் வாரியத்தின் ஆள் இல்லை.

காலை பத்து மணிக்குக் காய்கறி வாங்கப் போனபோது, டீக்கடை ஓரமாக ஏணியைச் சார்த்திவிட்டு நின்றுகொண்டிருந்தார் தெருவிளக்கு மாட்டுகிறவர். கையில் கிளாஸ், வாயில் வடை. சத்யா சும்மா நின்றாள். பிறகு என்ன தோன்றியதோ, கிட்டே போனாள்.

"அண்ணே, அரசமரத் தெருவுல ஒரு லைட்டு எரியல."

"அங்கிட்டா? எத்தனை நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்ணே."

அவர் வடையை விழுங்கினார். "என்னாம்மா நீ! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேனே. நான் தெனம் இந்தக் கடையிலதான் நிக்கிறேன். யாருமே சொல்லலையே?"

"பன்னெண்டு தடவை எழுதியிருக்காகண்ணே."

"யாருக்கு?"

அன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவளுக்கு இல்லை.

அவர் டீயைக் குடித்து முடித்தார். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சத்யாவும் பின்னாலேயே போனாள். கால் மணி நேரத்தில், அரசமரத் தெருவில், சுட்டெரிக்கிற வெயிலில், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர் போட்டுப் பார்த்த விளக்கு பளிச்சென்று எரிந்தது. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, கீழே நின்ற சத்யாவைப் பார்த்தது, சட்டென்று உள்ளே போய் வாசல் கதவைச் சாத்திக்கொண்டது.

ஜன்னல் வழியாக உள்ளே ஒரு கம்ப்யூட்டர் தெரிந்தது. சத்யா அதைப் பார்த்தாள். பிறகு, நாளைக்குத்தானே வேலையில் சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கத்தரிக்காய் வாங்கப் போனாள்.